சேதி சொல்லப் போகிறவருக்கு விடுப்பு

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து நிவேதா என்ற பெண் போன் செய்தாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள்தான் இருக்கிறாள். என் காலத்தில் அந்த வேலைக்குப் பணியாளர் அலுவலர் என்று பெயர். அவளுக்கு ‘மனிதவளமும் பண்பாடும்’ என்று ஏதோ நீளமான பட்டம் கொடுத்திருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த களப்பணியாளர்களிடம் கொஞ்ச நேரம் பேச வேண்டுமாம். தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறவர்களை மனிதநேயத்தோடு நடத்துவது எப்படி என்று என் அனுபவத்திலிருந்து சொன்னால் போதுமாம். மன்னார்குடியில் உட்கார்ந்து டி.வி.யைத் திட்டிக்கொண்டிருக்கிற எனக்கு வேறென்ன வேலை. பஸ் ஏறித் திருவாரூர் போனேன்.

பேச்சுக்கு முன்னால் நிவேதா தன் செல்போனில் ஒரு செயலியைக் காட்டினாள். தினமும் காலையில் பணியாளர்கள் அதில் ஒரு முகத்தை அமுக்க வேண்டும். சிரிக்கிற முகம், உம்மென்றிருக்கிற முகம், அழுகிற முகம். அழுகிற முகத்தைத் தொடர்ந்து அமுக்கினால் மூச்சுப்பயிற்சி வீடியோ ஒன்று தானாக வந்து நிற்குமாம். இதுவரைக்கும் யாராவது அழுகிற முகத்தை அமுக்கியிருக்கிறார்களா என்று கேட்டேன். ஒருத்தர்கூட இல்லை என்றாள், கொஞ்சம் பெருமையாகவே. எனக்குச் சுர்ரென்று வந்தது. அமுக்கவே மாட்டார்கள் அம்மா என்றேன். ஜமால் பாய் இருந்திருந்தால் தினமும் தவறாமல் சிரிக்கிற முகத்தைத்தான் அமுக்கியிருப்பார். ஜமால் பாய் யார் என்று கேட்டாள். அன்று அந்தப் பிள்ளைகளிடம் அவரைப் பற்றித்தான் பேசினேன். அங்கே சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது சமூகப்பணி. முதலில் ஒரு நூற்பாலையில் பணியாளர் பிரிவில் இருந்தேன். லேட்டாக வருகிறவர்களை கேட்டுக்கு வெளியே நிறுத்துவதுதான் அங்கே எனக்குக் கொடுத்த முக்கியமான வேலை. அது வெறுத்துப்போய்த்தான் தொண்டு நிறுவனத்துக்கு வந்தேன். இங்கே கேட் எதுவும் இல்லை என்று சந்தோஷப்பட்டேன். கேட் இல்லாத இடத்தில் ஆட்கள் வீட்டுக்கே போக மாட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வேலை வெளிநாடு போனவர்களின் குடும்பங்களோடு. கடைமடைக்குத் தண்ணீர் வராமல் குறுவை போய், சம்பாவும் மணி பிடிக்காமல் சாவியாகிப் போகிற வருஷங்களில் ஊர் ஊராக ஆண்கள் வளைகுடாவுக்கு விமானம் ஏறுவார்கள். ஏஜென்ட்டிடம் ஏமாந்தவர்கள், பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்தவர்கள், ஜெயிலில் இருப்பவர்கள் என்று எல்லாருடைய வீட்டு ஆட்களும் எங்கள் படியேறி வருவார்கள். கீழே உரக்கடை, மேலே நாங்கள். பூச்சிமருந்து வாடையிலேயே மதியச் சாப்பாடு நடக்கும். வளைகுடாவில் செத்துப்போகிறவர்களின் வீட்டுக்கு மட்டும் நாங்களே போவோம்.

எங்கள் செயலாளர் சந்தானம் சார். முன்னாள் வக்கீல். அவர் யாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு நிற்க வைத்ததில்லை. பேச வேண்டுமென்றால் தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு நம் மேஜைக்கு வருவார். நாற்காலி இல்லாமல் வந்தால் சின்ன விஷயம். நாற்காலியோடு வந்தால் பெரிய விஷயம். எதிரில் போடமாட்டார், பக்கத்தில் போட்டு உட்காருவார். முழுதாகக் கேட்பார், நடுவில் போன் அடித்தால் எடுக்கமாட்டார். இத்தனை மரியாதையான மேலதிகாரியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கேட்டு முடித்ததும் அவர் சொல்வது மட்டும் எப்போதும் ஒரே வாக்கியமாக இருக்கும்.

"அந்தக் குடும்பங்க படுறதுக்கு முன்னாடி நம்ம கஷ்டமெல்லாம் ஒரு கஷ்டமாம்மா?"

இதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்? காய்ச்சலோடு வந்த பெண், முதுகு பிடித்துக்கொண்ட டிரைவர், பிள்ளையின் பள்ளிக்கூட விழாவுக்குப் போக நினைத்தவர், எல்லார் வாயையும் அது அடைத்துவிடும். நூற்பாலையில் முதலாளியை எதிர்த்துக் கொடி பிடிக்கலாம். இங்கே புருஷனைப் பறிகொடுத்த பெண்ணை எதிர்த்தா கொடி பிடிப்பது? கொஞ்ச நாளில் யாருக்கும் அந்த வாக்கியத்தைச் சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அவரவரே தனக்குச் சொல்லிக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். தொண்டு செய்கிற இடங்களுக்கே உரிய நோய் இது.

ஜமால் பாய் கீழ்வேளூர்க்காரர். தானும் சவூதியில் டிரைவராக இருந்துவிட்டு வந்தவர். குரலே எழும்பாது. சாவுச் சேதி சொல்லும் வேலை அவருக்கென்று எழுதி வைத்ததல்ல. ஒரு தடவை போனார், நன்றாகச் சொன்னார், அப்புறம் அவரையே அனுப்பினார்கள்.

அவர் செய்கிற விதத்தை ஒரு தடவை அவரோடு போய்ப் பார்த்தேன். ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடுவார். வாசலில் வண்டி வந்து நின்றால் ஊரே கூடிவிடும். நடந்து போய், முதலில் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பார். எரிந்தால், "அடுப்ப அணைச்சிட்டு வாங்கம்மா, கொஞ்சம் பேசணும்" என்பார். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்பார். அந்த அம்மாள் சொம்பில் மொண்டு வருவதற்குள் மாமியாரையோ நாத்தனாரையோ அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார். சொம்பை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொள்வார், குடிக்கமாட்டார். அது அவருக்கான தண்ணீர் இல்லை. ஒரே வாக்கியத்தில் சொல்வார். தவறிவிட்டார், முடியவில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்ற பேச்செல்லாம் கிடையாது. பெயரைச் சொல்லி, இறந்துவிட்டார் என்பார். அரைகுறையாகச் சொன்னால் அந்த இடைவெளியில் நம்பிக்கை முளைத்துவிடும், அப்புறம் அதை வேறு பிடுங்க வேண்டியிருக்கும் என்பார். சொன்ன பிறகுதான் அந்தச் சொம்பு அந்த அம்மாள் கைக்குப் போகும். அழுது ஓய்கிற மட்டும் உட்கார்ந்திருப்பார். பிறகு உடலைக் கொண்டுவருவதற்கான சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்குவார்.

இரண்டு பேர் சேர்ந்து போகவேண்டும் என்று எங்களுக்கு விதியே இருந்தது. ஜீப் ஓட்டுகிறவரை இரண்டாவது ஆளாக வைத்து அந்த விதியைக் காப்பாற்றினோம்.

ஒரு கோடையில்தான் கவனித்தேன். ஜமால் பாய் அலுவலகத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. யாராவது டம்ளரை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவார். சாப்பாட்டு நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய்விடுவார். அவர் மனைவி ரஹ்மத்துக்குப் போன் செய்தேன். வீட்டிலும் அப்படித்தானாம். இவள் சொம்போடு கிட்டே வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறாராம், குழாயடியில் தானே கையால் ஏந்திக் குடிக்கிறாராம். இரவெல்லாம் உட்கார்ந்தே இருக்கிறாராம். அவரிடமே கேட்டேன். சிரித்தார்.

"நான் போவலேன்னா யாருக்கா போவா? வேற யாராச்சும் போயி உளறி வச்சா அந்தப் பொம்பள காலம்பூரா அந்த வார்த்தையத்தான் நெனச்சுகிட்டிருக்கும்."

சந்தானம் சாரிடம் பேசினேன். நாற்காலியோடுதான் வந்தார். இனிமேல் ஒரே ஆள் அடுத்தடுத்துப் போகக்கூடாது, போய்வந்தவருக்கு மறுநாள் விடுப்பு, அதை அவர் கேட்கக்கூடாது, நாமே கொடுக்கவேண்டும், ஏனென்றால் நல்ல ஆட்கள் கேட்கமாட்டார்கள் என்றேன். ஜமாலை இப்போதைக்கு அலுவலக வேலைக்கு மாற்றி, தஞ்சாவூரில் ஒரு மனநல மருத்துவரிடம் நம் செலவில் அனுப்ப வேண்டும் என்றேன். பொறுமையாகக் கேட்டார். ஜமால் அளவுக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். உண்மைதான், யாரும் இல்லை. யாரையும் பழக்கவில்லையே. பிறகு அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பிறகுதான் கவிதாவின் விஷயம் வந்தது. நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவள் புருஷன் முருகேசன் கட்டட வேலைக்குப் போயிருந்தவர். வேலையாட்கள் தங்குகிற கேம்ப்பில் தூக்கத்திலேயே மாரடைப்பு. உடலை ஊருக்கு அனுப்புவதா, அங்கேயே புதைப்பதா என்று குடும்பத்தின் கடிதம் வேண்டும், குறிப்பிட்ட நாட்களுக்குள் பதில் இல்லையென்றால் புதைத்துவிடுவோம் என்று அங்கிருந்து தகவல் வந்தது. கவிதா புருஷனின் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பது அந்த ஒரு கையெழுத்தில்தான் இருந்தது. வழக்கம்போல ஜமால் பாய் போனார். வந்து, சொல்லிவிட்டேன் என்றார். கடிதம் எங்கே என்று கேட்டதற்கு, மாமனார் வெளியூர் போயிருக்கிறார், வந்ததும் கையெழுத்துப் போடுவார்கள் என்றார். இன்னொரு தடவை போனார். அப்போதும் அதே பதில். பொய் சொல்கிற ஆள் இல்லை என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒரு நாள் காலையில் கவிதாவே மாடிப்படி ஏறி வந்தாள். நெற்றியில் பொட்டு, தலையில் பூ. சேதி தெரிந்தவளின் கோலம் இல்லை அது. வைத்தீஸ்வரன்கோயிலிலிருந்து விபூதிப் பொட்டலம் கொண்டுவந்திருந்தாள். அதை மேஜைமேல் வைத்துவிட்டு, "எந்த ஆஸ்பத்திரின்னு பேரு மட்டும் சொல்லுங்க. எங்க ஊரு ஆளு ஒருத்தர் அங்கதான் இருக்கார், போயி இத நெத்தியில வச்சுவிடுவாரு" என்றாள்.

அவளை உட்கார வைத்துவிட்டு உள்ளே போய், அங்கேயிருக்கிற எங்கள் தொடர்பாளருக்குப் போன் செய்தேன். கெடு முடிந்து, பதில் வராததால் புதைத்தாகிவிட்டது என்றார். தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜமால் பாயிடம் பார்த்துக் கற்றுக்கொண்டபடியே ஒரே வாக்கியத்தில் சொன்னேன். அவள் உடனே அழவில்லை. கணக்குப் போடுகிறவள் போல என்னையே பார்த்தாள்.

"அப்ப அந்த பாய் மொத தடவ வந்தப்பவே எறந்துதான் இருந்தாராங்க?"

ஆமாம் என்றேன்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா மூஞ்சியாச்சும் பாத்திருப்பேனே."

அதற்குப் பிறகு அவள் அழுத அழுகையை எழுத எனக்குத் தெம்பில்லை. போகும்போது விபூதிப் பொட்டலத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாமல் அது மேஜையிலேயே கிடந்தது.

சாயங்காலம் ஜமால் பாயைக் கேட்டேன். மறைக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கதவத் தொறந்ததுமே தண்ணியோட வந்து நின்னுச்சுக்கா அந்தப் பொண்ணு. நான் கேக்கவே இல்ல. வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்கன்னு கையில குடுத்துச்சு. குடிச்சிட்டேன். குடிச்சதுக்கப்புறம் வாயிலேருந்து வரல. ஆஸ்பத்திரியில இருக்காருன்னுட்டேன். அடுத்த தடவ சொல்லிடணும்னுதான் போனேன். சாமிக்கு வெளக்கு ஏத்தி வச்சிருந்துச்சு."

நிர்வாகக் குழு கூடியது. எல்லாரும் படித்தவர்கள், நல்லவர்கள். நம்பிக்கைத் துரோகம் என்றார்கள். அந்தப் பெண்ணுக்கு நடந்தது மன்னிக்க முடியாதது என்றார்கள். நானும் அதைத்தான் சொன்னேன், ஆனால் செய்தது யார் என்று கேட்டேன். தாங்காத பாரத்தை ஏற்றி அச்சு முறிந்தால் வண்டியையா அடிப்பது என்று கேட்டேன். அவருக்கு வேண்டியது வைத்தியம், வேலைநீக்கம் இல்லை, கவிதாவிடம் போய் மன்னிப்புக் கேட்கவேண்டியது நிறுவனம் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. ஒரு உறுப்பினர் மெதுவாகச் சொன்னார், கவிதாவின் கஷ்டத்துக்கு முன்னால் ஜமாலின் கஷ்டம் ஒரு கஷ்டமா என்று. சந்தானம் சார் தலையைக் குனிந்துகொண்டார்.  வேலைநீக்கம் முடிவாயிற்று.

மறுநாள் நாற்காலியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வேலையை விட்டு எடுப்பதை நேரில்தான் சொல்லவேண்டும் என்பது நானே கொண்டுவந்த வழக்கம். யார் போவது என்று கேட்டேன்.

"நீயே போயிட்டு வந்துடும்மா. நீதான் நல்லா சொல்லுவே."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேவிட்டேன். இப்படித்தானே ஜமாலுக்கும் ஆரம்பித்தது என்றேன். நான் தனியாகப் போகமாட்டேன், இரண்டு பேர் போகவேண்டும் என்பது விதி, ஜீப் ஓட்டுகிறவர் ஆள்கணக்கில் வரமாட்டார், நீங்கள் வாருங்கள் என்றேன். வருகிறேன் என்றார்.

கீழ்வேளூரில் ஜமால் பாய் வீட்டுத் தெருமுனையில் ஜீப் நின்றது. வெயில் கொளுத்தியது. நான் இறங்கினேன். சார் இறங்கவில்லை. "முன்னாடி போம்மா, வந்துடுறேன்" என்றார். நடந்தேன். திரும்பிப் பார்த்தபோதும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

ரஹ்மத் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். ஜமால் பாய் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலாகத் தெருமுனையில் நின்ற ஜீப்பைப் பார்த்தார்.  உள்ளே போனார். அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. ரஹ்மத்தைக் கூட்டிவந்து பாயில் உட்கார வைத்தார். திரும்ப உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு வந்து நடுவில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"சொல்லுங்கக்கா."

உங்களை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் பாய் என்றேன். தலையை ஆட்டினார். சரியாகச் சொன்னேன் என்பதற்காக ஆட்டினாரோ என்னவோ. ரஹ்மத்துதான் பேசினாள். "இவரு ஒழுங்காத் தூங்கி எத்தன வருஷமாச்சுன்னு உங்க ஆபீஸ்ல யாருக்காச்சும் தெரியுமாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியும் என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து சார் வரவில்லையா என்று ஜமால் பாய் கேட்டார். ஜீப்பில் இருக்கிறார் என்றேன். நடுவில் இருந்த சொம்பைப் பார்த்தார். எத்தனையோ மாதமாக ரஹ்மத் நீட்டும்போதெல்லாம் அவர் ஒதுங்கிப்போன சொம்பு. அதைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வெயில்ல உக்காந்திருக்காருக்கா. பாவம்."

தெருமுனை வரைக்கும் தளும்பாமல் கொண்டுபோய் நீட்டினார். சந்தானம் சார் வாங்கிக் குடித்தார்.  காலிச் சொம்போடு ஜமால் பாய் திரும்பி நடந்துவந்தார். சார் கெட்டவர் இல்லை என்று எழுதவேண்டுமென்று இந்தக் கட்டுரையைத் தொடங்கும்போது நினைத்திருந்தேன். எழுதக் கை வரவில்லை.

கவிதா வீட்டுக்குக் கடைசியில் நானும் இன்னொரு பெண்ணும்தான் போனோம். நிறுவனத்தின் தவறு என்று அவளிடமும் மாமியாரிடமும் சொன்னோம். புதைத்த இடத்தின் போட்டோவாவது வேண்டும் என்றாள். அங்கே இருக்கிற ஒருவர் எடுத்து அனுப்பினார். வெறும் மணல், வரிசையாக மேடுகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். எது முருகேசனுடையது என்று அவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கவிதா எல்லா மேட்டையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நான் கேட்டதெல்லாம் கிடைத்தது. ஒரே ஆள் அடுத்தடுத்துப் போவதில்லை. மறுநாள் விடுப்பு கேட்காமலே வரும். மருத்துவரைப் பார்ப்பது சலுகை இல்லை, வேலையின் பகுதி. இன்றைக்கு நிவேதா அவற்றைப் பூப்படம் போட்டுத் திரையில் காட்டுகிறாள், வெளியூர்க்காரர்கள் வந்து பாராட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரு ஆளை உடைத்துத்தான் இந்த விதிகள் வந்தன என்று அந்தப் பிள்ளைகளிடம் சொன்னேன். முகத்தை அமுக்கச் சொல்லாதீர்கள், முகத்தைப் பாருங்கள் என்றேன். கைதட்டினார்கள். கைதட்டும் அளவுக்கு நான் ஒன்றும் சொல்லிவிடவில்லை.

ஜமால் பாய் மறுபடியும் வளைகுடாவுக்கே போய்விட்டார். முருகேசன் இருந்தது போன்ற ஒரு கேம்ப்பில் டிரைவர். கூட்டம் முடிந்ததும், ரஹ்மத்தைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போகலாம் என்று தோன்றியது. நிவேதா பஸ்ஸில் அலையவேண்டாம் என்று அலுவலக ஜீப்பையே அனுப்பினாள். தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். வண்டி முனையிலேயே நின்றது. நடந்து போனேன்.

கதவு திறந்திருந்தது. அடுப்பில் பாதி வெந்த சோறு, அணைத்த அடுப்பு. ரஹ்மத் பாயில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் நாத்தனார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சொம்புத் தண்ணீர். முனையில் ஜீப் நிற்கிற சேதி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. அப்போதுதான் நான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று உறைத்தது.

"ஒரே வாக்கியத்துல சொல்லிடுங்கக்கா" என்றாள் ரஹ்மத்.

ஒன்றுமில்லை, சும்மா உன்னைப் பார்க்கத்தான் வந்தேன், பாய் நன்றாக இருக்கிறார் என்றேன். அவள் நம்பவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னேன். போனை எடுத்து அவளே அடித்தாள். வெகுநேரம் மணி போனது. ஜமால் பாயின் எழும்பாத குரலைக் காதால் கேட்ட பிறகுதான் அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.